ஊமைத் தக்காளி

"காலைக் கழுவிட்டு உள்ள வாடா, இந்த மண்ணு இருக்குது பாரு..." என்று அய்யன் சொல்வார், சொல்லிவிட்டு இன்னும் ஒன்று சொல்வார், அந்த இன்னும் ஒன்றுதான் சென்னியப்பனுக்கு மறந்துபோயிற்று. அய்யன் என்றால் அவனைப் பெற்ற தகப்பன். ஈச்சங்கரட்டுச் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிற வேலையில் இருந்தவர். சாயங்காலம் வந்து வாசலில் நின்றால் தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறமாக, விபூதியில் புரண்டு எழுந்தவர் மாதிரி இருப்பார். அவருக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோய்விட்டுத் திரும்புகிற பையனும் அதே நிறத்தில் இருப்பான். பாதி வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்டால், ஃபின்லாந்து வரைக்கும் போகலாம். சென்னியப்பன் போனான்.

மூடிப்போன சுரங்கங்களைச் சுற்றியிருக்கிற மண்ணைச் சோதித்துச் சொல்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்கு அறிக்கை எழுதுகிற வேலை. மண் அவனிடம் பிளாஸ்டிக் பையில், ஸ்டிக்கர் ஒட்டி வந்தது. நகக்கண்ணில் ஒரு துணுக்கு ஏறாமல் இருபது வருஷத்துக்கு மேல் மண்ணைப் பற்றியே எழுதிச் சம்பளம் வாங்கினான். கருத்தரங்குகளில் அய்யனின் பாதி வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, மீதியை அந்த ஊர் தட்பவெப்பத்துக்குத் தக்கபடி போட்டுக்கொள்வான். ஓர் ஊரில், "கழுவாவிட்டால் அது உன்னைத் தொடர்ந்து வரும்" என்றார் அய்யன். இன்னோர் ஊரில், "கழுவிவிட்டால் அது உன்னை மறந்துவிடும்" என்றார். மூன்றாவது ஊரில், "அது உன் பிள்ளையின் கனவில் நடக்கும்" என்று அவர் சொன்னபோது ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெஜமாகவே என்னதான் சொன்னார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, சென்னியப்பனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் பிரிவைக் கம்பெனி மூடியது. நாற்பத்தெட்டு வயதில் இரண்டு பெட்டியோடு ஊர் வந்து இறங்கி, "மண்ணைத் தேடி வந்துட்டேனுங்க" என்று பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களிடம் சொன்னான். எதற்கு வந்தாய் என்று அங்கே யாரும் கேட்டிருக்கவில்லை.

அந்த ஆவணியில்தான் ஈச்சங்கரட்டுக் காய்கறிகள் ஒலிக்க ஆரம்பித்தன.

முதலில் ஒலித்தது அவன் அக்கா பொன்னாத்தாளின் கத்தரிக்காய். அரிவாள்மனையில் வைத்து அழுத்தியதும் ணங் என்றது. அக்கா அரிவாள்மனையைத் திருப்பிப் பார்த்தாள், கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்தாள், குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் மேற்கொண்டு யோசிக்க நேரமில்லாமல் நறுக்கிப் போட்டாள். மறுநாள் எதிர்வீட்டுச் சுரைக்காய், அதற்கடுத்து மேலத்தெரு முருங்கை, காற்றடித்தால் மரம் முழுக்கத் தேர் வருவதுபோல் சத்தம், அப்புறம் வெண்டை, அவரை, பீர்க்கு, கடைசியில் கீரைகூட, கிள்ளக் கிள்ளக் கொலுசு மாதிரி சிணுங்கியது. ஒரு வாரம் ஊர் இதைப் பேசியது. இரண்டாவது வாரம் இதை வைத்து என்ன செய்யலாம் என்று பேசியது. மூன்றாவது வாரம் பேச்சே இல்லை, எல்லாரும் செய்துகொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் உடைந்துகிடந்த மணிக்குப் பதிலாக ஒரு சுரைக்காயைக் கட்டினார்கள், அது முற்றினால் வேறொன்று. பூசணி திருடுகிறவன் தொழிலை விட்டுவிட்டு டவுனுக்குக் கட்டட வேலைக்குப் போனான், ஏனென்றால் பூசணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓட, அது ஓட்டத்துக்கு ஓட்டம் அவனைக் காட்டிக்கொடுத்தது. யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெருவுக்கே தெரிந்ததால், பழைய குழம்பைச் சுடவைத்துவிட்டுப் புதுக் குழம்பு என்று சொல்கிற வழக்கம் ஒழிந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி வெண்கல மணியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்ட புடலங்காயை ஆட்டிப் பூசை செய்தார். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

சந்தைதான் எல்லாவற்றையும் மிஞ்சிற்று. செவ்வாய்க்கிழமைச் சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கதிர்வேலு, சட்டைப்பையில் ஒரு கரண்டிக்காம்போடு திரிந்தான். காயைத் தட்டிப் பார்ப்பான். சத்தம் நீளமாக நின்றால் முதல்தரம், சீக்கிரம் அடங்கினால் இரண்டாம்தரம், ஒன்றுமே இல்லாவிட்டால் ஊமைக்காய். ஊமைக்காயை மாட்டுக்குப் போட்டார்கள். ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வண்டி வந்தது. முப்பது வருஷமாக மூடிக்கிடக்கிற சுரங்கத்தின் பச்சைத் தண்ணீர்க் குழியையும் சாம்பல் மேட்டையும் தவிர வேறெதுவும் காட்டுவதற்கில்லாத ஊருக்கு, காட்டுவதற்கு ஒன்று கிடைத்தது.

சில பிள்ளைகளுக்கு வயிற்றைச் சுருட்டிச் சுருட்டி வலித்தது, அதற்கு ஊர்வலி என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்ததும் பாதி பயம் போய்விட்டது. பொம்பளைகளுக்குப் பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் மை தீட்டினாற்போல நீலமாக ஒரு கோடு விழுந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணைச் சிரிக்கச் சொல்லி அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தால் நல்ல சாப்பாட்டு வீடு.

சென்னியப்பனிடம் ஒரு கருவி இருந்தது. கைத்துப்பாக்கி மாதிரி, எந்தப் பொருளின்மேல் வைத்து அழுத்தினாலும் அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு என்று திரையில் காட்டும். கம்பெனி திருப்பி வாங்க மறந்துவிட்டது. அக்கா வீட்டுக் கத்தரிக்காயின்மேல் அதை வைத்து அழுத்தினான். காரீயத்துக்கு நேரே வந்த எண்ணைப் பார்த்தான். கருவி கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து டவுனில் வாங்கிய கத்தரிக்காயின்மேல் வைத்தான், கருவி நன்றாக இருந்தது. அதை அணைத்து, அலமாரியில் பட்டு வேட்டிக்குக் கீழே, தன் கல்யாணத்துக்கென்று எடுத்துக் கடைசியில் உடுத்தாமலேபோன அந்த வேட்டிக்குக் கீழே வைத்துப் பூட்டினான்.

அன்றிலிருந்து அவன் டவுனுக்குப் போய்த் தக்காளியும் கத்தரியும் வாங்கி, மடிக்கணினிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, தனியாக வாடகைக்குப் பிடித்திருந்த தன் வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சமைத்தான். ஊமைத் தக்காளி. வெட்டினால் சத்தமே வராது. அந்தச் சத்தமின்மை வெளியே கேட்டுவிடுமோ என்று, வெட்டும்போதெல்லாம் ஒரு ஸ்பூனால் டம்ளரைத் தட்டிக்கொண்டான். இருபது வருஷம் மண்ணை ஆராய்ந்தவனின் சமையலறை இப்படி இருந்தது: ஒரு கையில் கத்தி, ஒரு கையில் ஸ்பூன்.

சொல்லவே இல்லையா என்றால், சொன்னான். யூட்யூப் சேனல்காரர்கள் வந்து மைக்கை நீட்டியபோது, உண்மையை மட்டுமே சொல்வது என்று உறுதி எடுத்துக்கொண்டு, "இந்தப் பகுதி விளைபொருள்களில் உலோகச் செறிவு குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுகிறது" என்றான். அவன் தொழிலே அதுதானே: ஓர் எழுத்துகூடப் பொய்யில்லாமல், ஒருத்தர் தூக்கத்தையும் கெடுக்காமல் ஒரு வாக்கியம். அடுத்த செவ்வாய் சந்தை வாசலில் ஃப்ளெக்ஸ் தொங்கியது. அதில் கோட்டுப் போட்ட சென்னியப்பன், கீழே 'உலோகச் செறிவு மிக்கது: ஃபின்லாந்து விஞ்ஞானி'.

"ஏனுங்ணா, போட்டோ நல்லா வந்துருக்குதுங்களா?" என்றான் கதிர்வேலு.

"கோட்டு கொஞ்சம் பெருசா தெரியுது" என்றான் சென்னியப்பன். அன்று அவன் வாயிலிருந்து வந்த ஆட்சேபம் அவ்வளவுதான்.

ஒரு விஷயம் மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. சாம்பல் மேட்டை ஒட்டிய காடுதோட்டங்களில் விளைந்தது அவ்வளவாக ஒலிக்கவில்லை. ஊருக்குள், வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற இடமும் பாத்திரம் கழுவுகிற கல்லும் இருக்கிற பொடக்காளியில், ஒரு வாழையும் நாலு பாத்திக் கீரையுமாக விளைந்ததுதான் கோயில் மணிபோல் ஒலித்தது. அதிலும் அக்கா வீட்டுப் பொடக்காளி, அதாவது அய்யன் இருந்த வீடு, ஊரிலேயே முதல்தரம். காற்று கொண்டுவந்திருக்குமா, நிலத்தடி நீரா என்று படம் போட்டுப் பார்த்தான். காற்று எந்த வீட்டுக்குள்ளும் புகாமல் பொடக்காளிக்கு மட்டும் சுற்றிக்கொண்டு போகுமா என்ன?

அக்கா மகள் பிருந்தா திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். மூன்றாம் மாதமே மசக்கை தாங்காமல் ஆத்தா வீட்டுக்கு வந்தவள், எது தின்றாலும் குமட்டுகிறது, இந்தக் கீரை ஒன்றுதான் உள்ளே நிற்கிறது என்று வேளைக்கு ஒரு கிண்ணம் தின்றாள்.

"கொஞ்சம் கொறச்சுக்க அம்முணி" என்று சென்னியப்பன் ஒருநாள் சொன்னான்.

"ஏனுங் மாமா?"

"எதுவுமே ஒரு அளவோட இருந்தா..."

"செறிவா இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. என்ற மாமியார் அந்த வீடியோவ அம்பது பேருக்கு அனுப்பி வெச்சிருக்குது." அவள் சிரித்தாள். ஈறில் நீலக்கோடு மெல்லிசாகத் தெரிந்தது. சென்னியப்பன் வீட்டுக்கு வந்து, அவளிடம் தெளிவாகச் சொல்வதற்கு நாலு வாக்கியங்களை யோசித்து, நாலையும் திருத்தித் திருத்தி மென்மையாக்கினான். கடைசியில் அவை இருந்த மென்மைக்கு வாழ்த்து அட்டையில் போடலாம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். ஈச்சங்கரட்டில் வளைகாப்புக்கு ஒரு வழக்கம் உண்டு: தாய்மாமன் முதல் வாய்ச் சோற்றை எடுத்து, பாதியைத் தான் தின்று, பாதியைப் பெண்ணுக்கு ஊட்ட வேண்டும். மாமன் தின்றது பிள்ளைக்கு அரணாக நிற்குமாம். இந்த வழக்கம் சென்னியப்பனுக்குத் தெரியும், முதல்நாளே தெரியும், முதல்நாள் முழுக்கக் காய்ச்சல் வராதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு அநியாயத்துக்கு நன்றாக இருந்தது. டவுன் தக்காளி.

திருப்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். பிருந்தாவை மனையில் உட்காரவைத்து, சந்தனம் பூசி, கைக்கு இரண்டிரண்டாகக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். வளையல் சலசலத்தபோது, அவள் வயிற்றுக்குள்ளிருந்து ணிங் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

எல்லாரும் அப்படியே நின்றார்கள். பிருந்தா கையை மறுபடி ஆட்டினாள். ணிங்.

"அட என்ற தங்கமே!" என்று அய்யனோடு பிறந்த மாரக்கா அத்தை கன்னத்தில் கை வைத்தாள். "பேசுதுடி! உள்ள இருந்தே பேசுது!"

குலவைச் சத்தம் எழும்பியது. மாமியார்க்காரி கண் கலங்கி, "கொறையில்லாத புள்ளைங்க, சத்தத்தப் பாருங்க, எத்தன நீளமா நிக்குது" என்று வேனோடு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். செல்போன்கள் வயிற்றுக்கு நேரே நீண்டன. பொன்னாத்தாள் தலைவாழை இலையில் கீரைச் சோற்றை வைத்து, "தம்பி, வா சாமி" என்று சென்னியப்பனைக் கூப்பிட்டாள்.

அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சோற்றை உருட்டினான். விரலுக்குள் அது சிணுங்கியது. அதைக் கேட்டு வயிற்றுக்குள் இருந்ததும் சிணுங்கியது. கூப்பிட்டால் ஏன் என்று கேட்கிற பிள்ளை மாதிரி. பிருந்தா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள், சின்ன வயசில் அவன் லீவுக்கு வரும்போதெல்லாம் சாக்லேட்டுக்குத் திறப்பாளே, அதேபோல. சென்னியப்பனின் கை பாதி தூரம் போயிற்று, நின்றது, திரும்பி வந்து சோற்றை இலையில் வைத்துவிட்டது.

"என்னங், மாமனுக்கு எறங்கலியா?" என்றாள் மாரக்கா அத்தை. "ஃபின்லாந்துல ஐஸ்கட்டி தின்ன வாயி."

சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த ஒருத்தி வேடிக்கையாக, கரண்டிக்காம்பால் அவன் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த ஊரில் இப்போதெல்லாம் முறைக்காரர்கள் அப்படித்தான் விளையாடினார்கள், தட்டினால் ஆளுக்கு ஒரு சத்தம் வரும், அத்தைக்குக் குண்டா, கதிர்வேலுவுக்கு வெண்கலத் தட்டு.

டொக் என்றது.

இன்னொரு தரம் தட்டினாள், தோளில். டொக். மாரக்கா அத்தை கரண்டியைப் பிடுங்கித் தலையில் தட்டினாள். காலிப் பெட்டியைத் தட்டின மாதிரி இருந்தது. சிரிப்பு ஒவ்வொருத்தராக அடங்கிற்று.

"எங்க வீட்டுச் சோத்தத் தின்னவன் இப்புடி இருக்கமாட்டானே" என்றாள் அத்தை மெதுவாக.

பொன்னாத்தாள் எழுந்து சமையலறைக்குப் போனாள். சென்னியப்பன் பின்னால் போனான்.

"நீ இங்க திங்கறதே இல்ல" என்றாள் அக்கா, முதுகைக் காட்டிக்கொண்டு. "நான் குடுத்து வுட்டதெல்லாம்?"

"குழி தோண்டிப் பொதச்சுட்டேன்."

"ஏன்?"

"அக்கா, அதாவது, காரீயத்தோட அளவு குறிப்பிடத்தக்க..."

"எனக்குத் தமிழ்ல சொல்லு."

அவன் பேசியது தமிழ்தான். இருந்தாலும் அவள் கேட்டது நியாயமாகப்பட்டது. "வெசம்க்கா" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் கொடுத்த அறிக்கைகளிலேயே சின்னது.

அக்கா திரும்பினாள். "வெசம்னு தெரிஞ்சு, நீ மட்டும் டவுன்ல வாங்கித் தின்னியா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"என்ற புள்ள வேளா வேளைக்குத் திங்கறதப் பாத்துக்கிட்டே?"

அக்கா அவனை அடிப்பாள் என்று எதிர்பார்த்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு பொடக்காளியைப் பார்த்தாள். வாழை குலை தள்ளி நின்றது, காற்றில் மெல்ல ஒலித்துக்கொண்டு.

"இதுலயா வெசம்?" என்றாள். "எப்புடிடா வரும்? மேடு எங்கியோ கெடக்குது. அய்யன் இங்க நின்னு நின்னு காலக் கழுவுனதுலயே வளந்ததுடா இது. ஆத்தா அவரு துணியத் தொவைக்கறதும் இந்தக் கல்லுலதான், அந்தத் தண்ணிதான் கீரைக்கு. தெனமும் உன்னையும் தொரத்துவாரல்லோ, 'காலைக் கழுவிட்டு உள்ள வாடா, இந்த மண்ணு இருக்குது பாரு, வீட்டுக்குள்ள வந்து என்ன பண்ணப்போவுது, வாழைக்குப் போனா வாழையாவது தேறும்'னு."

சென்னியப்பன் கதவுநிலையில் சாய்ந்துகொண்டான். தொடர்ந்து வரும், மறந்துவிடும், கனவில் நடக்கும். அய்யன் அதையெல்லாம் சொல்லவில்லை. வாழை தேறும் என்றார். எந்த வழியாக, எங்கே, எத்தனை வருஷமாக என்று ஓர் அறிக்கையில் இருக்க வேண்டியதெல்லாம் அந்த மீதிப் பாதியில் இருந்தது. மகன் அதைத் தொலைத்துவிட்டு முதல் பாதிக்குக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டிருந்தான். சுரங்கத்தில் வேலை பார்த்த ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பொடக்காளியில் நின்று, ஒரு சொம்புத் தண்ணியையும் வீணாக்காமல், காலைக் கழுவியிருந்தார்கள்.

பிருந்தா வாசற்படியில் வந்து நின்றாள், வளையல் சத்தம் கேட்காமலிருக்க இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"மாமா, இந்தச் சத்தம் நிக்குமா?" என்று வயிற்றைக் காட்டினாள்.

அவனிடம் மென்மையான வாக்கியங்கள் நிறைய இருந்தன. "தெரியல அம்முணி" என்றான். "திங்கறத நிறுத்துனா கொறையும். மொதல்ல ரத்தம் குடுத்துப் பாக்கோணும். இன்னைக்கே கெளம்பு. திருப்பூர்ல டாக்டர்கிட்ட காரீயம்னு பேர் சொல்லிக் கேளு. மத்தத மறந்தாலும் அத மறந்துறாத."

"மொதப் பிரசவம் ஆத்தா வீட்டுல இல்லாமயா?" என்று மாமியார்க்காரி வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். பொன்னாத்தாள் மகளின் துணிகளை எடுத்துப் பையில் திணித்தாள். மஞ்சள் பை ஒன்றில் வழக்கம்போலக் கீரைக்கட்டை வைக்கப்போனவள், அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள். மாட்டுக்கும் போட முடியாது.

வேன் போனபிறகு கதிர்வேலு வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"கேள்விப்பட்டனுங்ணா" என்றான். "செவ்வாக்கெழம வண்டி வருது. கெணத்துக்கு மோட்டார் வாங்குனவன், புள்ளைக்குக் காலேஜு சேத்துனவன், அத்தன பேரும் இதத்தான் நம்பி இருக்கறான். ஊர்ச் சோத்துல மண்ணப் போட்டுறாதீங்க."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "உன்ற பையனுக்கு வயித்து வலி எப்படி இருக்குது?"

கதிர்வேலு சட்டைப்பையிலிருந்த கரண்டிக்காம்பை எடுத்தான், பார்த்தான், மறுபடி உள்ளே வைத்தான். "வருது, போவுது" என்றான். குரலை இறக்கி, "உங்களுக்குத்தான் எழுத வருமேங்ணா. ஆருக்கும் நோகாம, நல்லதா ஒரு வாக்கியம் எழுதிக் குடுங்க. ஃப்ளெக்ஸ மாத்திப்புடலாம். ஜனங்க பையப் பையப் புரிஞ்சுக்குவாங்க" என்றான்.

எழுத வரும்தான். கதிர்வேலு கேட்டு முடிப்பதற்குள்ளேயே பாதி வாக்கியம் தானாக வந்து நின்றுவிட்டது, நல்ல வாக்கியம், 'முன்னெச்சரிக்கை' என்ற சொல்லோடு. சென்னியப்பன் பொடக்காளிக்குப் போனான். வாழைக்குப் பக்கத்துக் கல்லில் ஏறி நின்று, காலைக் கழுவலாமென்று சொம்பில் தண்ணீர் மொண்டான். இதை எங்கே ஊற்றுவது என்று யோசித்து, மறுபடி தொட்டியிலேயே ஊற்றினான்.

செவ்வாய்க்கிழமை சந்தையில் கதிர்வேலுவின் மைக்கை வாங்கி, வாயைத் திறப்பதற்கு முன்னால் தன் மடிக்கணினிப் பையைத் திறந்து, உள்ளே இருக்கிற ஊமைத் தக்காளியை எல்லாருக்கும் முன்னால் மேசைமேல் கொட்டுவது என்று முடிவு செய்தான்.